கோச்செல்லா: பாலைவனத்தில் நான்கு இரவுகள்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே காரைத் திருப்பினால், நெரிசல் இல்லாத நாளில் இரண்டரை மணி நேரத்தில் இந்தியோ என்ற ஊருக்குப் போய்விடலாம். தூரம் 200 கிலோமீட்டர்தான். வழியில் சான் கோர்கோனியோ கணவாய் வரும். சாலையின் இருபுறமும் வரிசை வரிசையாகக் காற்றாலைகள். ஆரல்வாய்மொழியைத் தாண்டி நாகர்கோவிலுக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. வலப்பக்கம் சான் ஹசின்டோ மலை உச்சியில் ஏப்ரலிலும் பனி தெரியும். கார்க் கண்ணாடியை இறக்கினால் அடுப்பங்கரைக் காற்று முகத்தில் அடிக்கும். மேலே பனி, கீழே அனல். இதுதான் கோச்செல்லா பள்ளத்தாக்கு.

இங்கே ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை பத்து சென்டிமீட்டர்கூடக் கிடையாது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான கவியா மக்கள் அந்தக் காலத்தில் நடந்து இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுகளைத் தோண்டி வாழ்ந்தார்கள். பக்கத்து ஊரின் பெயரே 'இந்தியன் வெல்ஸ்'. அப்படிப்பட்ட இடத்தில் ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒரு நாளைக்கு லட்சம் பேருக்கு மேல் கூடிப் பாட்டுக் கேட்கிறார்கள். 'கோச்செல்லா பள்ளத்தாக்கு இசை மற்றும் கலை விழா' என்பது அதன் முழுப்பெயர்.

நஷ்டத்தில் தொடங்கிய விழா

இந்தியோவில் பசும்புல் விரித்த போலோ மைதானம் ஒன்று இருக்கிறது. 1993-ல் 'பெர்ல் ஜாம்' என்ற ராக் குழுவுக்கும் ஒரு பெரிய டிக்கெட் நிறுவனத்துக்கும் கட்டணம் பற்றித் தகராறு. அந்த நிறுவனத்தின் பிடியில் இல்லாத இடம் தேடியபோது இந்த மைதானம் கிடைத்தது. ஊருக்கு வெளியே, பாலைவனத்தில், சுமார் 25,000 பேர் வந்து கேட்டார்கள். 'கூப்பிட்டால் இங்கேயும் வருவார்கள்' என்று அமைப்பாளர்களுக்குப் புரிந்தது.

1999 அக்டோபரில் முதல் கோச்செல்லா நடந்தது. ஒரு நாள் டிக்கெட் 50 டாலர். வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது, கையைச் சுட்டது நஷ்டம். 2000-ல் விழாவே இல்லை. 2001-ல் வெயில் சற்றுக் குறைந்த ஏப்ரல் மாதத்துக்கு மாற்றி, ஒரே நாள் விழாவாக மீண்டும் தொடங்கினார்கள். 2007-லிருந்து மூன்று நாள். 2012-லிருந்து அதே நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து இரண்டு வார இறுதிகளில். இன்று மூன்று நாள் டிக்கெட் 500 டாலருக்கு மேல். கூடாரம் போட இடம் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம்.

நாங்கள் ஐந்து பேர்

கோவையில் ஒரே ஹாஸ்டலில் நான்கு வருடம் இருந்தவர்கள் நாங்கள். இப்போது அமெரிக்காவில் ஐந்து மூலைகளில் இருக்கிறோம். வயது நாற்பதைத் தொடுகிறது. குழந்தைகளைக் கணவர்மாரிடம் விட்டுவிட்டு ஒரு தடவையாவது சேர்ந்து போகவேண்டும் என்பது வாட்ஸ்அப் குழுவில் பல வருடப் பேச்சு. ஜனவரியில் ஒருத்தி சட்டென்று ஐந்து டிக்கெட்டையும் எடுத்துவிட்டாள்.

மார்ச்சில் எங்களில் ஒருத்திக்கு வேலை போனது. ஹெச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு அது வேலை மட்டும் போவதல்ல. அதிகபட்சம் 60 நாளுக்குள் வேறு நிறுவனம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வேறு விசாவுக்கு மாறவேண்டும், அல்லது ஊருக்குக் கிளம்பவேண்டும். "நான் வரலைடி. இந்த நேரத்துல பாட்டுக் கேக்கற மனசு இல்ல" என்று குழுவில் எழுதினாள். டிக்கெட் எடுத்தவள் பதில் போட்டாள்: "பாட்டுக் கேக்க வேண்டாம். எங்ககூட வந்து உக்காரு."

வந்தாள். நாங்கள் புறப்பட்ட வியாழக்கிழமை, அவளுடைய 60 நாளில் 27 மீதி இருந்தது.

பத்தடிக்கு முப்பதடி

விழா வெள்ளிக்கிழமை தொடங்கும். காரோடு தங்குகிறவர்களை வியாழனே உள்ளே விடுகிறார்கள். வெயிலில் கார்கள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. வாசலில் வண்டியைச் சோதனை போடுகிறார்கள். கண்ணாடிப் பாட்டில் கூடாது. ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக் கொண்டுபோனதால் தப்பித்தது.

உள்ளே போனதும் ஒரு காருக்குப் பத்தடி அகலம், முப்பதடி நீளம் இடம். அதற்குள்தான் கார், கூடாரம், நாற்காலி, ஐஸ்பெட்டி, குடும்பம் எல்லாம். பக்கத்து வீட்டுக்காரர் கை நீட்டினால் தொடுகிற தூரம். விறகு மூட்டிக் குளிர்காய அனுமதி கிடையாது. சாப்பாட்டுக்கு நாங்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஒருத்தி வீட்டிலிருந்து நல்லெண்ணெய் மிதக்கும் புளியோதரை கட்டி வந்திருந்தாள். இன்னொருத்தி மோர்மிளகாய். ஐஸ்பெட்டியில் தயிர். புதன் இரவு கிளறிய புளியோதரை வெள்ளி மதியம்வரை தாங்கியது.

கூடாரத்தின் முன்னால் துணிப்பந்தல் போட்டு, அதன் மேற்குப் பக்கம் ஒரு பழைய சுங்குடிச் சேலையைக் கட்டினோம். ஆயிரக்கணக்கான கூடாரங்கள் ஒரே மாதிரி நிற்கிற இடத்தில், இரவு ஒரு மணிக்கு எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க அந்தச் சிவப்புச் சேலைதான் அடையாளம். மதியத்தில் அதை நனைத்துவிட்டால் வெட்டிவேர்த் தட்டி போல உள்ளே காற்று குளிர்ந்து வரும். உலர்ந்த காற்றில் ஈரம் சட்டென்று ஆவியாவதால் கிடைக்கிற குளிர்ச்சி அது. பக்கத்துக் கூடாரத்து மெக்சிகோ வம்சாவளிப் பாட்டி வந்து சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் மேஜை விரிப்பை நனைத்துக் கட்டிக்கொண்டார். பேத்தியோடு வந்திருந்தார் அவர். விழாவுக்கு வயது வரம்பு கிடையாது.

இந்த வெயில் வேறு

சென்னை வெயிலில் வளர்ந்த நமக்கு வெயில் பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் சென்னையில் வியர்வை சட்டையை நனைத்து நம்மை எச்சரிக்கும். பாலைவனத்தில் வியர்த்தது தெரியாது. வந்த வேகத்தில் காய்ந்துவிடும். உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும், தோலோ உலர்ந்தே இருக்கும்.

காலை ஏழு மணிக்கெல்லாம் கூடாரம் இட்லிக் குண்டான். அதற்குமேல் யாராலும் தூங்க முடியாது. மதியம் 36, 38 டிகிரி. ராத்திரியோ ஸ்வெட்டர் கேட்கும். சாயங்காலம் காற்று எழுந்தால் பந்தலைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் வேண்டும். அந்தப் புழுதியில் வரும் இருமலுக்கு 'கோச்செல்லா இருமல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பாலைவனத்துக்குள் பாலைவனங்கள்

பெரிய மேடைகள் திறந்தவெளியில். மற்றவை பிரம்மாண்டமான பந்தல்கள். கோபி, மொஹாவி, சஹாரா, சொனோரா, யூமா என்று எல்லாவற்றுக்கும் பாலைவனப் பெயர்கள். இதில் யூமா நாலாபுறமும் மூடி ஏசி போட்டது. மதியம் மூன்று மணிக்கு அங்கே இருக்கும் கூட்டத்தில் எத்தனை பேர் இசைக்காக வந்தவர்கள், எத்தனை பேர் ஏசிக்காக வந்தவர்கள் என்று சொல்ல முடியாது.

மேடைகளுக்கு நடுவே புல்வெளியில் கலைப்படைப்புகள். 2014-ல் ஒரு ராட்சத விண்வெளி வீரர் பொம்மை மைதானத்தில் மெல்ல நகர்ந்து வந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இப்போது நிலையாக நிற்பது 'ஸ்பெக்ட்ரா' என்ற ஏழு மாடி உயரக் கோபுரம். 2018-ல் ஒரு பிரிட்டிஷ் வடிவமைப்புக் குழு அமைத்தது. சுற்றிச் சுற்றி ஏறும் பாதை, மாடிக்கு மாடி நிறம் மாறும் கண்ணாடிகள். உச்சியிலிருந்து பார்த்தால் பேரீச்சந்தோப்புகளும் அதற்கப்பால் மொட்டை மலைகளும் ஒரு பக்கம் நீலமாக, ஒரு பக்கம் ஆரஞ்சாகத் தெரியும்.

நம்மவர்களும் இந்த மேடைகளில் ஏறியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரால் லண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005-லேயே இங்கே பாடினார். 2009-ல் பிரதான மேடை. 2023-ல் தில்ஜித் தோசாஞ்ச் பஞ்சாபியில் பாடினார். 2024-ல் நம் சித் ஸ்ரீராம். 2025-ல் ஹனுமான்கைன்ட் கேரளத்துச் செண்டைகளோடு வந்து நின்றார்.

சனிக்கிழமை

எங்களில் நன்றாக ஓடக்கூடியவள் சியாட்டில்காரி. மாரத்தான் பதக்கங்கள் வைத்திருப்பவள். அன்று மதியம் இரண்டு மேடைக்கு நடுவில் நின்று, "தலை சுத்துது" என்றாள். அடுத்த நிமிஷம் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து, கை சில்லென்று ஈரமாக, குமட்டல்.

மற்றவர்கள் பதறி நிற்க, வேலை போனவள்தான் காரியத்தில் இறங்கினாள். நிழலுக்கு நகர்த்திப் படுக்க வைத்து, காலைத் தன் பைமேல் தூக்கி வைத்தாள். துப்பட்டாவை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் சுற்றினாள். பையிலிருந்த ஓஆர்எஸ் பாக்கெட்டைத் தண்ணீரில் கலந்து, "மடமடன்னு குடிக்காத, வாந்தி வரும். வாய் வாயா குடி" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். இன்னொருத்தி ஓடிப்போய் மருத்துவக் கூடாரத்திலிருந்து ஆளைக் கூட்டி வந்தாள். வெப்பத் தளர்ச்சி என்றார்கள். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்ப வாதம், உயிருக்கே ஆபத்து, ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது என்று எங்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

அன்று இரவு நாங்கள் யாரும் மேடைப் பக்கம் போகவில்லை. எந்தப் பாட்டுக்காக ஜனவரியிலிருந்து காத்திருந்தோமோ, அது தூரத்தில் 'தும் தும்' என்று அதிர்வாக மட்டும் கேட்டது. சேலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேரும் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு நாளாக யாரும் கேட்காத விஷயத்தை அவளாகவே பேசினாள்.

"ஊருக்குப் போறதுல பயம் இல்லடி. அம்மா, அப்பா இருக்காங்க. பொண்ணுக்கு எட்டு வயசு. இங்கேயே பொறந்தவ. தமிழ் பேசுவா, ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

யாரும் ஆறுதல் வார்த்தை தேடவில்லை. ஹாஸ்டலில் அரியர் விழுந்த அன்று இப்படித்தான் உட்கார்ந்திருப்போம். சியாட்டில்காரி படுத்தபடியே கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் தொண்டை வறளக் கத்தி ஆடினோம். அவளும்தான்.

பேரீச்சம்பழ ஊர்

திங்கள் காலை கூடாரத்தைப் பிரித்துக் கிளம்புகிறவர்கள் நேரே நெடுஞ்சாலைக்குப் போய்விடாதீர்கள். அமெரிக்காவில் விளையும் பேரீச்சையில் பெரும்பகுதி இந்தப் பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. 1927-ல் மொராக்கோவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பதினோரு மெஜூல் கன்றுகளில் பிழைத்தவை ஒன்பது. அவற்றின் வழித்தோன்றல்கள்தான் இங்கே தோப்புத் தோப்பாக நிற்கின்றன. சாலையோரக் கடைகளில் பேரீச்சம்பழ மில்க் ஷேக் கிடைக்கும். மூன்று நாள் புழுதி குடித்த தொண்டைக்கு அது அமிர்தம். ஆளுக்கு ஒரு கிலோ பழமும் வாங்கினோம். அவள் மட்டும் மூன்று கிலோ வாங்கினாள். ஊருக்கு எடுத்துப் போகத்தான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

60 நாள் முடிந்தது, வேலை கிடைக்கவில்லை. இப்போது அவள் கோவையில் இருக்கிறாள். போன வாரம் குழுவில் ஒரு படம் வந்தது. மகளின் தமிழ் நோட்டு. கோணல் மாணலாக, 'அம்மா' என்று பத்து தடவை எழுதியிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு

* ஆளுக்குப் பத்து ஓஆர்எஸ் பாக்கெட், காலியான தண்ணீர்ப் பாட்டில், தொப்பி, புழுதிக்கு மூக்கைக் கட்டத் துணி. விழாவில் பாட்டிலை நிரப்பிக்கொள்ள இலவசக் குடிநீர்க் குழாய்கள் உண்டு.
* புதுச் செருப்பு வேண்டாம். பழகிய ஷூ போடுங்கள். ஒரு நாளில் பத்து கிலோமீட்டருக்குக் குறையாமல் நடப்பீர்கள்.
* குளியலறை வரிசை காலையில் நீளம். நிகழ்ச்சி முடிந்து வந்ததும் குளித்துவிட்டுப் படுங்கள்.
* வெளியே கிளம்பும்போது பந்தலை இறக்கிவிட்டுப் போங்கள். காற்று தூக்கினால் அது அடுத்தவர் தலையில்தான் விழும்.
* வெயிலில் கூட வருபவரிடம் "சோர்வா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கேட்காதீர்கள். பாட்டிலைத் திறந்து கையில் கொடுங்கள்.