பிழையை உரைத்தல்

பிழை செய்யாத மனிதர் உலகில் இலர். ஆயினும், பிழை செய்தலினும் அதனை மறைத்தலே பெருந்தீங்கு விளைக்கும் என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். கேட்டதனை யான் உள்ளவாறு உணர்ந்தது சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஒரு பழைய மடிக்கணினியினிடத்தில். தமிழ் ஆனர்ஸ் மாணவன் கணினியைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையோ என்று நகைக்கும் நண்பர்கள் சிறிது பொறுத்து, இதனை இறுதிவரை படிப்பார்களாக.

என் தமக்கையார் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்து வருகின்றார். அவர் படிப்புக்கு எங்கள் தாய்மாமன் தாம் பயன்படுத்தி ஓய்ந்த மடிக்கணினி ஒன்றைத் தந்திருந்தார். அதனுள் இருந்த வைஃபை அட்டை பழுதுபட்டது. வேறோர் அட்டை வாங்கிப் பொருத்தினோம். கணினியோ, தன் பட்டியலில் இல்லாத அட்டை இஃது என்று கூறி, எழவே மறுத்துவிட்டது. அப்பட்டியல் இருந்த இடம் அக்கணினியின் ஃபர்ம்வேர்.

ஃபர்ம்வேர் என்பது யாது? மின்சாரம் பாய்ந்தவுடன் முதற்கண் விழித்து, நினைவகம், விசைப்பலகை முதலிய உறுப்புக்களை ஒவ்வொன்றாக எழுப்பி, பின்னர் லினக்ஸ் போன்ற இயங்குதளத்தினிடம் ஆட்சியை ஒப்புவித்து ஒதுங்கும் மென்பொருளே அது. தாய்ப்பலகையின்மேல் உள்ள ஒரு சிறு சில்லில் அது குடியிருக்கும். பெரும்பாலும் கணினி செய்வோர் அதன் மூலத்தை வெளியிடுவதில்லை. இக்குறையைப் போக்க, அமெரிக்காவிலுள்ள லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ரொனால்ட் மின்னிச் என்பார் 1999-ஆம் ஆண்டில் லினக்ஸ்பயாஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். 2008-ஆம் ஆண்டுமுதல் அது கோர்பூட் என்று வழங்குகின்றது. அதன் மூலத்தை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், தம் கணினிக்கேற்பக் கட்டிக்கொள்ளலாம். எங்கள் கணினிக்கும் அது பொருந்தும் என்றும், அதில் அட்டைப் பட்டியல் எதுவும் இல்லையென்றும் பௌதிக வகுப்பைச் சார்ந்த என் அறைத்தோழன் கூறினான். தன் கணினியையும் சில்லில் எழுதும் கருவியையும் இரவலாகத் தந்து, வழியும் காட்டினான். "அக்கா, ஒரு வாரத்தில் எழுப்பித் தருகின்றேன்" என்று யான் வாக்களித்தேன்.

ஃபர்ம்வேரைக் கட்டுதல் ஒரு செயலன்று. பல செயல்களின் தொடர். மூலத்தை இறக்கவேண்டும், தொகுக்கும் கருவிகளைக் கட்டவேண்டும், மூலத்தைத் தொகுக்கவேண்டும், கணினி செய்தோர் மட்டுமே தரக்கூடிய சில கோப்புக்களைப் பெற்று உரிய இடத்திற் சேர்க்கவேண்டும். இவ்வேவல்களை வரிசையாக எழுதி வைக்கும் கோப்பே ஷெல் ஸ்கிரிப்ட். ஷெல் என்பது நாம் எழுத்தால் இடும் ஏவலை வாங்கிக் கணினிக்கு உணர்த்தும் இடையாள். ஸ்டீபன் பார்ன் என்பார் இயற்றிய ஷெல் 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. அதன் வழிவந்ததும், இன்று பலரும் கையாள்வதுமாகிய பாஷ், 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் என்பாரால் வெளியிடப்பட்டது.

இவ்விடையாளின் இயல்பொன்றை ஈண்டுக் குறித்தல் வேண்டும். ஒவ்வோர் ஏவலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். 0 என்றால் வெற்றி. 1 முதல் 255 வரை எதுவாயினும் தோல்வி. ஆகவே ஏவல்கள் தம் பிழையைத் தாமே உரைக்கின்றன. ஆனால் நாம் வற்புறுத்திக் கூறாதவரை, ஷெல் அவ்வெண்ணைப் பொருட்படுத்தாது அடுத்த வரிக்குச் சென்றுவிடும். அடித்தளம் இடிந்தது என்று கொத்தன் கூவினாலும், மேல்தளத்துக்குக் கல் சுமக்கும் சித்தாளை ஒப்பது அது.

யான் எழுதிய ஸ்கிரிப்ட் 40 வரி இருக்கும். அதன் இறுதி வரி, "எல்லாம் நன்கு முடிந்தது" என்று திரையில் எழுதுவது. அவ்வரியை எழுதியபோது எனக்கு உண்டான பெருமிதம் சிறிதன்று. இரவு முழுதும் திரையில் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடின. கைப்பேசியின் வழியே பெற்ற இணையத் தொடர்பு நடுவில் ஒருமுறை அறுந்ததை யான் அறிந்திலேன். விடியற்காலையில் "எல்லாம் நன்கு முடிந்தது" என்ற வரியைக் கண்டேன்; நம்பினேன். கணினியைத் திறந்து, சில்லின் எட்டுக் கால்களையும் கவ்வியாற் பற்றி, பழைய உள்ளடக்கத்தை இருமுறை படித்து ஒப்பிட்டுக் காப்பாக வைத்துக்கொண்டு, புதியதனை எழுதினேன். ஃபிளாஷ்ராம் என்னும் கருவி, எழுதியதும் கோப்பும் ஒன்றே எனச் சான்று பகர்ந்தது. கணினி எழுந்தது, புதிய அட்டையும் வேலை செய்தது. அதனைத் தமக்கையாரிடம் ஒப்புவித்து, மறுநாளே கல்லூரிக்குத் திரும்பினேன்.

இரண்டு வாரம் சென்றபின், தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த அன்னையார், "அந்தக் கணினி அரைமணிக்கு ஒருமுறை தானே அணைந்து போகின்றதே, அதன் வழக்கமே அப்படித்தானா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. உடனே தமக்கையாரை அழைக்கச்செய்து வினவினேன்.

"பரவாயில்லை, தம்பி. 25 நிமிடம் ஆனதும் நானே மூடி வைத்துவிடுகின்றேன். கண்ணுக்கும் ஓய்வாயிற்று" என்றார்.

"முன்னமே ஏன் சொல்லவில்லை, அக்கா?"

"நீ எவ்வளவோ பாடுபட்டுச் செய்தாய். நான்தான் எதையோ தவறாகத் தொட்டுவிட்டேன் என்று நினைத்தேன்."

முதல்நாள் இரவு குழந்தை உளவியல் பாடக்குறிப்பு ஒன்று முழுதும் அழிந்துபோக, அவர் விடியும்வரை அமர்ந்து அதனைக் கையால் திரும்ப எழுதினார் என்பதனை அன்னையார் பின்னர்க் கூறினார். அன்று எனக்கு உணவு செல்லவில்லை.

காரணத்தை அறைத்தோழனும் யானும் மூன்று மாலைப்பொழுதுகளில் ஆராய்ந்து கண்டோம். அவ்வகைக் கணினிகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்னும் ஒரு சிறு உட்கணினி உண்டு. அதற்குரிய நிரல், செய்தோர் கையொப்பமிட்டபடியே, குறையாமல் சில்லில் இருத்தல் வேண்டும். இல்லையெனின் கணினி எழுந்தாலும் 30 நிமிடத்தில் தானே அணைந்துவிடும். அந்நிரலை இறக்குமாறு ஓர் ஏவலும், வருவதனைக் கோப்பின் உரிய இடத்தில் எழுதுமாறு மற்றோர் ஏவலும் இட்டு, இரண்டையும் ஒரு குழாயால் இணைத்திருந்தேன். குழாயிற் கோத்த ஏவல்களுள் இறுதியில் நிற்பதன் எண்ணையே ஷெல் ஏற்கும். இறக்கும் ஏவல் தொடர்பு அறுந்ததும் தோல்வி என்று உரைத்துவிட்டு ஒழிந்தது. எழுதும் ஏவலோ தனக்கு வந்த பாதியை எழுதி, வெற்றி என்று உரைத்தது. கோப்பின் மொத்த அளவு மாறாமையால் அதனைக் கொண்டும் குறையை அறிதல் இயலவில்லை. ஃபிளாஷ்ராம் பகர்ந்த சான்றும் பொய்யன்று; பழுதுபட்ட கோப்பு பழுதின்றிப் படியெடுக்கப்பட்டது என்பதே அதன் பொருள். பொய் கூறியது யான் எழுதிய அவ்விறுதி வரி ஒன்றே. எது நேர்ந்தாலும் "நன்கு முடிந்தது" என்று கூறுமாறு அதற்குக் கற்பித்தவன் யானல்லனோ?

பின்னர் அந்த ஸ்கிரிப்ட்டைப் புதிதாக எழுதினேன். கணினி பயிலும் நண்பர்கட்குப் பயன்படுமாதலின், செய்த திருத்தங்களைச் சுருக்கிக் கூறுவேன்.

முதலாவது, தலைப்பில் 'செட் -ஈ' என்று இட்டேன். ஏவல் தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கவேண்டும் என்பது அதன் பொருள். அதனோடு 'பைப்ஃபெயில்' என்னும் விதியையும் சேர்த்தேன். இதனால் குழாயின் எவ்வுறுப்புத் தோற்றாலும் குழாய் முழுதும் தோற்றதாகக் கொள்ளப்படும். பாஷ் முதலியவற்றில் நெடுநாளாக உள்ள இவ்விதி, 2024-இல் போசிக்ஸ் என்னும் பொதுத்தரத்திலும் இடம்பெற்றது.

இரண்டாவது, மதிப்பு ஏற்றப்படாத மாறியைக் கண்டால் நிற்குமாறு 'செட் -யூ' இட்டேன். வெற்று மாறியின் கொடுமைக்கு ஒரு சான்று உண்டு. 2015 ஜனவரியில், லினக்ஸுக்கான ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒன்றில், அடைவின் பெயரைத் தரவேண்டிய ஏவல் தோற்றமையால் பெயர் வெறுமையாயிற்று. அவ்வடைவில் உள்ளனவற்றை அழிக்க எழுதிய வரி, கணினியின் வேர் அடைவிலிருந்து தொடங்கி அப்பயனரின் கோப்புக்களையெல்லாம் அழித்தது. 'செட் -யூ' பெயரே ஏறாத மாறியைத்தான் பிடிக்கும். இத்தகைய வெறுமையைப் பிடியாது. ஆதலின் அழிக்கும் வரிக்கு முன்னே, பெயர் வெறுமையன்று என்னும் சோதனை ஒன்றையும் வைத்தேன்.

மூன்றாவது, 'செட் -ஈ' ஒன்றையே நம்பியிருத்தலும் தகாது என்று கற்றேன். ஒரு சார்பினை 'இஃப்' என்னும் நிபந்தனையுள் அழைத்தால், அச்சார்பு முழுதும் அவ்விதி உறங்கிவிடும். 'லோக்கல்' என்னும் அறிவிப்போடு ஒரே வரியில் ஓர் ஏவலின் விடையை மாறியில் ஏற்றினால், அறிவிப்பின் வெற்றி ஏவலின் தோல்வியை மூடிவிடும். ஆகவே இன்றியமையாத ஏவல் ஒவ்வொன்றின் பின்னும், "இது தோற்றது, இங்கே தோற்றது" என்று உரைத்து நிற்குமாறு தனியே எழுதினேன்.

நான்காவது, இறக்கிய கோப்பின் சரிபார்ப்பெண்ணைக் கணித்து, முன்னரே குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிட்டாலன்றி அதனைத் தொடுவதில்லை என்று கொண்டேன். கோர்பூட்டின் கருவிகளைக் கட்டும் ஸ்கிரிப்ட் தான் இறக்கும் பொதிகளை இங்ஙனமே சோதிக்கின்றது. அதனைப் பன்முறை ஓட்டியும், அதன் கருத்தை யான் நோக்கினேனல்லேன்.

ஐந்தாவது, எல்லாவற்றையும் ஒரு தற்காலிக அடைவிற் செய்து, சோதனைகள் யாவும் தேறியபின்னரே கோப்புக்கு இறுதிப்பெயரை இடுமாறு அமைத்தேன். நடுவில் நின்றால் 'ட்ராப்' என்னும் ஏவல் அரைகுறையை அகற்றிவிடும். முடியாத கோப்பு முடிந்த கோப்பின் பெயரைத் தாங்கி நிற்றல் கூடாது.

இவ்வாறு திருத்தும்போது பழைய ஸ்கிரிப்ட்டில் மூன்று இடங்களில் ஒரு தொடரைக் கண்டேன். ஏவலின் பின்னே இரு நிலைக்கோடுகளும் 'ட்ரூ' என்னும் சொல்லும் இட்டால், அவ்வேவல் தோற்றாலும் வென்றதாகக் கொள்க என்பது பொருள். தமிழிற் கூறின், 'பரவாயில்லை' என்பதே. இல்லாத கோப்பை அழிக்கச் சென்று தோற்றால் அங்ஙனம் கூறுதல் தகும். யானோ திரையில் தோன்றிய சிவப்பெழுத்துக்கள் கண்ணை உறுத்தினமையால் அத்தொடரை இட்டிருந்தேன். தமக்கையாரின் 'பரவாயில்லை' என் மனம் நோகாதிருக்க எழுந்த அன்பின் சொல். என் 'பரவாயில்லை' சோம்பலின் சொல். ஆயினும் இரண்டும் செய்தது ஒன்றே: பழுதினை இரண்டு வாரம் மறைத்தன.

அந்நாட்களில் வகுப்பில் புறநானூறு பயின்றுகொண்டிருந்தோம். 1894-இல் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் அச்சிற் கொணர்ந்த அந்நூலில் 267, 268-ஆம் பாட்டுக்கள் இல்லை. அவை கிடைத்தில. ஆனால் அடுத்த பாட்டினை முன்னே நகர்த்தி எண்ணை நிரப்பிவிடவில்லை; அது 269 என்றே நிற்கின்றது. சொற்கள் சிதைந்த இடங்களில் புள்ளிகளே இருக்கின்றன. முன்னர் அப்புள்ளிகளைக் காணுந்தோறும் எனக்குச் சலிப்பு உண்டாகும். இப்போது அவற்றைக் காண்கையில், 'ஈண்டு இழந்தோம்' என்று ஏடு தானே உரைப்பதாகத் தோன்றுகின்றது. அப்புள்ளிகள் உளவாதலின் அன்றோ எஞ்சிய சொற்களை நாம் நம்புகின்றோம்?

பொங்கல் விடுமுறையில் வீட்டிற்குச் சென்றேன். புதிய ஸ்கிரிப்ட்டை ஓட்டி, அது இறக்கும்போது வேண்டுமென்றே இணையத்தைத் துண்டித்தேன். அது நின்றது; எவ்வரியில், எக்கோப்பில் தோற்றது என்று உரைத்தது; இறுதிக் கோப்பு எதனையும் விட்டுவைக்கவில்லை. வெற்றியைக் கண்டு மகிழ்ந்தவன் அன்று ஒரு தோல்வியைக் கண்டு மகிழ்ந்தேன். பின்னர் முறையாகக் கட்டி, சில்லில் எழுதி, தமக்கையாரை அருகழைத்து, "பிழை உங்களுடையதன்று, அக்கா, என்னுடையது. சோதியாமலே நன்றாயிருக்கின்றது என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்" என்றேன். அவர் சிரித்தாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை.

கணினியைத் திறந்து இருவரும் அமர்ந்தோம். 25 நிமிடம் ஆனதும் அவர் கை வழக்கம்போல் மூடியை நோக்கிச் சென்றது. "இருங்கள்" என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தோம். 30 நிமிடம் ஆயிற்று, 31 ஆயிற்று. ஒரு மணி கடந்தது. கணினி அணையவில்லை.

"எல்லாம் நன்கு முடிந்தது" என்னும் வரி இன்றும் என் ஸ்கிரிப்ட்டின் இறுதியில் இருக்கின்றது. ஆனால் அதனை அடைய இப்போது பல வாயில்களைக் கடத்தல் வேண்டும். நண்பர்களே, நாமும் பிறர் நம்பியிருக்கும் பணிகளை நாடோறும் செய்து முடித்துக் கையளிக்கின்றோம். முடிந்தது என்று சொல்லுமுன், முடியாதிருந்தாலும் இவ்வாறே சொல்லியிருப்போமோ என்று ஒருமுறை நம்மை நாமே வினவிக்கொள்வோமாக. நமக்காக 'பரவாயில்லை' என்று சொல்லி, விடியும்வரை கையால் எழுதுவோர் எவ்வீட்டிலும் இருத்தல் கூடும்.