பெடல் இறங்குகிறது

பிரேக் சரியில்லை என்று சொன்னால் பட்டறையில் முதலில் கை போவது பேடுக்குத்தான். பெடல் கொஞ்சம் ஆழமாக இறங்கிப் பிடிக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் எங்கள் பட்டறைக்காரர் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டார். புதுப் பேடு போட்டார், பிரேக் ஆயில் மாற்றினார், ஏர் எடுத்தார், பில்லும் கொடுத்தார். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பழைய குறை அப்படியே இருந்தது. கூடவே புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது: சிக்னலில் காலை வைத்து நின்றால், பெடல் மெல்ல மெல்லக் கீழே போயிற்று.

சேலத்தில் குடியிருப்பவனுக்கு இது சின்ன விஷயமில்லை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். விருந்தாளி வந்தால் மேலே கூட்டிப்போக வேண்டும். கூட்டிப்போனால் இறங்க வேண்டும்.

பிரேக் திடீரென்று போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. குழாய் வெடித்தால் அப்படி நடக்கலாம். பெரும்பாலும் அது மாதக்கணக்கில் உள்ளங்காலிடம் முறையிட்டுக்கொண்டுதான் இருக்கும். பெடல் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று. கல்போல இறுகி, முழு பலத்தோடு மிதித்தும் வண்டி நிற்காவிட்டால் பூஸ்டரையோ அதற்கு வரும் வேக்குவம் குழாயையோ பார்க்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் சிக்கியிருக்கலாம். முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே மறுமிதியில் மேலே வந்து கெட்டியாக நின்றால் பின் சக்கர டிரம்மில் ஷூ இடைவெளி கூடிவிட்டது என்று சந்தேகிக்கலாம். இதில் எதையும் கண்டுபிடிக்க ஸ்பேனர் வேண்டாம். மிதித்துப் பார்க்கப் பொறுமை வேண்டும், பட்டறையில் அதற்குக் கூலி கிடையாது. பேடு மாற்றினால்தான் கூலி.

அழுத்திப் பிடித்தால் மெதுவாக இறங்குகிற எங்கள் பெடல் இந்தப் பட்டியலில் எதிலும் சேரவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கும் ஈரமில்லை. டப்பாவில் ஆயில் போட்ட அளவிலேயே நின்றது. என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குறையவே இல்லைன்னா அது எங்கேங்க போகுது?”

கேள்வியிலேயே விடை இருந்தது. எங்கேயும் போகவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்தாலோ கிழிந்தாலோ, அழுத்தப்படும் திரவம் சக்கரத்துக்குப் போகாமல் வாஷரைத் தாண்டிப் பின்னால் திரும்பி, டப்பாவுக்கே வந்துவிடும். வெளியே சொட்டுக்கூடக் கசியாது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போகும் என்பது பாஸ்கல் விதி. மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 1921இல் அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்ததிலிருந்து இன்றுவரை எல்லாம் அந்த ஒரு நிபந்தனையில்தான் தொங்குகிறது. இப்போதைய கார்களில் ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன், இரண்டு தனி வழி. ஒன்று கைவிட்டாலும் மற்றது பிடிக்கும். எங்கள் பெடல் அடியோடு போகாமல் பாதியில் நின்றதற்கு அதுவே காரணம்.

பேடு மாற்றிய பிறகு ஏன் இந்த நோய் வந்தது? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த நீர் சிலிண்டரின் உள்சுவரை அரிக்கும். அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் கொஞ்ச தூரம்தான் நகர்கிறது. அந்த இடம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் உள்ள, ஒருபோதும் தொடாத பகுதியில்தான் அரிப்பு. ஏர் எடுக்கும்போது பையன் பெடலைத் தரைவரை ஓங்கி ஓங்கி மிதிப்பான். வாஷர் அந்தச் சொரசொரப்பில் ஏறி இறங்கிக் கிழியும். பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து மிதித்தால் இது தப்பும். யார் வைக்கிறார்கள்?

அதே ஈரம் மலையில் வேறொரு வேலையும் காட்டும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. இறக்கத்தில் விடாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் காலிப்பருக்குள் அந்தச் சூடு வரக்கூடும். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரையில் போய் உட்காரும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? எஞ்சின் பிரேக்கும் இல்லை, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பூஸ்டரின் துணையும் இல்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லாரி டிரைவர்களின் பாடம், இன்றைக்கும் செல்லும்.

புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கினேன். அதை வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, குமிழி நிற்கும்வரை பிஸ்டனைத் தள்ளிக் காற்றை விரட்டிவிட்டுத்தான் வண்டியில் மாட்டினேன். சுற்றிலும் ஈரத்துணி போட்டுக்கொண்டேன், இந்த ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். பிறகு சக்கரங்களில் ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். மனைவி டிரைவர் சீட்டில், நான் ஸ்டாண்டில் நின்ற வண்டியின் சக்கரத்தருகே, நிப்பிளில் ட்யூப் மாட்டி.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்.”

“விட்டுராத.”

“நீங்க அங்க சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பீங்க, எனக்குக் கால் மரத்துப்போகுது.”

நிப்பிளை இறுக்குவதற்குள் அவள் காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே ஏறி, மறுபடி முதலிலிருந்து. அவள் எடுக்கவில்லை.

பெடல் கெட்டியானது. ஆனால் முதல் மிதி இன்னும் ஆழம்தான்; அந்தப் பழைய குறையை யாருமே தொடவில்லையே. டிரம்மைக் கழற்றினால் ஷூ தேய்மானத்தைத் தானே சரிசெய்ய வேண்டிய அட்ஜஸ்டர் துரு ஏறி இறுகிக் கிடந்தது. தூசியை ஊதாமல் தண்ணீர் விட்டுத் துடைத்து, அட்ஜஸ்டரை விடுவித்து, இடைவெளியைக் குறைத்தேன். ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்து சரியாயிற்று. பட்டறைக்கு நான் கொண்டுபோன புகாருக்கு மருந்து அவ்வளவுதான். பேடு அன்று மாற்ற வேண்டிய நிலையிலேயே இல்லை.

பட்டறைக்காரர் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தபோது பழைய சிலிண்டரைப் பார்த்தார். “வாஷர் கிட் போட்டிருந்தா முடிஞ்சுது சார், எதுக்கு முழுசா மாத்தினீங்க?” உள்ளே டார்ச் அடித்து அரித்த குழிகளைக் காட்டினேன். எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றார். தேய்த்தால் துளை அகலும், புது வாஷரும் நிற்காது என்றேன். சிரித்தார். “கொடுங்க, எதுக்காவது ஆகும்.”

எந்த வண்டிக்கு என்று கேட்டேன். பதில் இல்லை. அவர் போனதும் சிலிண்டரின் வாயைச் சுத்தியலால் நசுக்கி, காயலான் கடையில் எடைக்குப் போட்டேன்.