ஏற்றத்தில் ஏறிய முள்

மே 4, ஞாயிறு

ஆழியாறு தாண்டி வால்பாறை ஏற்றம் தொடங்கியதுமே பழைய மாருதி 800-இன் வெப்பமானி முள் பாதியை விட்டு நகர்ந்தது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் சிவப்புக் கோட்டை நெருங்கவே, ஓரங்கட்டி பானட்டைத் திறந்து வைத்தேன். உதவ வந்த வேன் ஓட்டுநர் ஈரத்துணியோடு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார், பதறித் தடுத்தேன். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மூடி திறந்த நொடியில் ஆவியாகப் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். நன்றாக ஆறவிட்டு, தண்ணீர் சேர்த்து, மேற்கொண்டு ஏறாமல் திரும்பிவிட்டோம்.

மே 5, திங்கள்

நேற்று நடந்ததிலேயே பாதி விடை இருக்கிறது. கோவை சிக்னல்களிலும் பொள்ளாச்சி நெரிசலிலும் முள் அசையவில்லை. ஃபேன் கோளாறு என்றால் அங்கேதான் முதலில் தெரிந்திருக்கும். மலையிலும் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. ஆகவே காற்றில் குறையில்லை. எஞ்சின் முழுப் பாரம் இழுக்கும்போது பிறக்கும் சூட்டைத் தண்ணீர்தான் கொண்டுபோய்க் கொட்ட முடியாமல் திணறுகிறது.

ஹெட் காஸ்கெட் போயிருக்குமோ என்றுதான் பயம். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன், பால் நிறம் ஏறவில்லை. ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி ஓடவிட்டேன், ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. நிம்மதி.

மே 6, செவ்வாய்

"தெர்மோஸ்டாட்டக் கழட்டிப் போட்டுட்டா சரியாப் போயிருங்க சார்" என்றார் மெக்கானிக். பல பட்டறைகளில் இதுதான் கைவைத்தியம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அது இல்லாத எஞ்சின் சூடேற வெகுநேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும், தேய்மானமும் கூடும். சூட்டின் காரணமோ அப்படியே உள்ளே கிடக்கும்.

"கழட்டுங்கண்ணா, ஆனா தூக்கிப் போடறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாத்துருவோம்" என்றேன். அதன் மேல், வால்வு திறக்க வேண்டிய சூடாக 82 டிகிரி என்று பொறித்திருந்தது. பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வைத்தோம். 82-ஐத் தாண்டியதும் வால்வு அழகாகத் திறந்தது. அதன் மேல் பழியில்லை.

பிறகு எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, ஃபேன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரேடியேட்டர் முகப்பைக் கையால் தடவினோம். மேலே சுட்டது, நடுவிலும் கீழ் மூலையிலும் திட்டுத்திட்டாகச் சில்லென்றிருந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை.

மே 7, புதன்

ரேடியேட்டர் கடையில் ஈயப் பற்றை உருக்கி மேல் டேங்கைப் பிரித்தார்கள். வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதுபோல் வெள்ளை உப்பு, பாதிக் குழாய்களின் வாயை மூடியிருந்தது. வண்டியை முன்பு வைத்திருந்தவர் கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். மெல்லிய கம்பித் தகடு விட்டு ஒவ்வொரு குழாயாகத் தள்ளிச் சுத்தம் செய்தார் கடைக்காரப் பெரியவர். அவசரமே இல்லாத கை, பார்த்துக்கொண்டே நின்றேன்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தி, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றி, காற்றுக் குமிழி அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டோம்.

மே 10, சனி

வால்பாறை வரை 40 வளைவுகளும் ஏறியாயிற்று. முள் பாதியிலேயே நின்றது.

மலைக்கு வண்டி எடுப்பவர்களே, ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால், முதலில் அதை வெந்நீரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.