காத்திருத்தலும் மருந்தே

பேச்சிப்பாறை அணைக்கரையில் வாழும் எம் பங்கு மக்களுக்கு உயரம் என்றால் கோதையாற்று மலைதான். வானூர்தி என்றால் திருவனந்தபுரம் வரை சென்று, வளைகுடாவுக்குப் பிள்ளைகளை வழியனுப்பும் கண்ணீர்தான். உயரம் மனித மூச்சை என்ன செய்யும் என்பதை, குருவாகிய நானும் ஒரு பிழை செய்த பின்னரே அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ரப்பர் பால் வெட்டும் ஒரு தாயின் மகன் வெளிநாட்டில் சாரத்திலிருந்து விழுந்து விலா எலும்புகள் முறிந்து கிடந்தான். ஊருக்கு அனுப்பப் பணம் ஆயத்தமாக இருந்தும், மருத்துவர்கள் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார்கள். "சாமி, பிள்ளை உயிரோட இருக்கானா, இல்ல மறைக்காங்களா?" என்று தாய் கேட்டார். எனக்கும் அதே ஐயம். மனிதநேயம் அற்றவர்கள் என்று சுட்டெரிக்கும் கடிதம் ஒன்றை அம்மருத்துவமனைக்கு எழுதினேன்.

அங்குப் பணியாற்றிய தமிழ் மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சினம் கொள்ளாமல் கேட்டார்: "சாமி, கொடைக்கானல் போயிருப்பீர்களே, கொண்டுபோன வறுவல் பொட்டலம் மலையேறியதும் என்ன ஆயிற்று?" உப்பிப்போயிற்று என்றேன். "அவன் நெஞ்சுக்குள்ளும் அப்படியொரு பொட்டலம் இருக்கிறது" என்றார்.

முறிந்த எலும்பு நுரையீரலைக் குத்தியதால் கசிந்த காற்று, நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே தேங்கியிருந்ததாம். விமானம் 35,000 அடியில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தத்தைச் செயற்கையாகக் கூட்டுகிறார்கள். ஆயினும் அது தரைமட்ட அளவை எட்டுவதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் நிற்பதற்கே ஒப்பாகும். 8,000 அடியில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் முக்கால் பங்குதான். ஆகவே, அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரிந்து நுரையீரலை நசுக்கும்; இதயத்தையும் ஒருபுறம் தள்ளக்கூடும். மூச்சில் கிட்டும் ஆக்சிஜனும் கால் பங்கு குறையும். நலமுள்ளவர் அதை உணர்வதில்லை. நோயுற்ற நுரையீரலோ தாங்காது. எனவே குழாயிட்டு அக்காற்றை வெளியேற்றி, நுரையீரல் மீண்டும் விரிந்ததை எக்ஸ்-ரேயில் கண்ட பின்னும் சில நாள் காத்திருக்கிறார்கள். காத்திருக்க இயலாதவரை நெஞ்சுக் குழாயோடும் மருத்துவரோடும், விமானத்தைத் தாழப் பறக்கச் செய்து கொண்டுவருவதும் உண்டு.

மலைக்காற்றின் மெலிவைத் தெளிவுற எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் ஹோசே தெ அகோஸ்தா என்னும் இயேசு சபைக் குரு. ஆண்டிஸ் மலைத்தொடரில் பரியகாகா கணவாயைக் கடக்கையில் தாம் பட்ட வாந்தியையும் வேதனையையும் 1590-இல் வெளிவந்த தம் நூலில் பதிந்தார். அங்குள்ள காற்று மனித மூச்சுக்கு ஒவ்வாத அளவு நுண்ணியது என்று கணித்தார். நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மற்றொரு குரு அதை அறியாமல் கடிதம் எழுதியிருக்கிறார்!

விரைவே மருந்தாகும் வேளையும் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனிமலையில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர் பத்துப் பேர் பனிச்சரிவில் புதையுண்டனர். தமிழ்நாட்டு இளைஞரும் அவர்களுள் இருந்தனர். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டார். அந்த உயரத்தில் நோயுற்றவரைத் தாழ இறக்குவதே முதல் மருந்து. ஹெலிகாப்டரில் இறக்கி, விமானத்தில் டெல்லி சேர்த்தனர். எனினும் பிப்ரவரி 11 அன்று அவர் உயிர் நீத்தார்.

விரைவதா, பொறுப்பதா என்பதைச் சொல்ல வேண்டியது நோயாளியின் மூச்சே. சுமப்பவரின் பதற்றம் அன்று. நானோ என் பதற்றத்தை இரக்கம் என்று எண்ணிவிட்டேன்.

நான்காம் வாரத்தில் மகன் தன் காலால் நடந்தே விமானத்தை விட்டு இறங்கினான். "அந்த நாளெல்லாம் வருஷமாட்டு இருந்துது, சாமி" என்றார் தாய். அன்றிரவே அம்மருத்துவருக்கு இரண்டாம் கடிதம் எழுதினேன். முதற் கடிதத்தைவிட அது மிகச் சிறியது. எழுதி முடிக்கத்தான் நெடுநேரம் ஆயிற்று.