குடகு மழையும் குமரிக் கடலும்

திருக்காட்டுப்பள்ளியில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் ஊர் அது. ஆகவே, தண்ணீரைப் பற்றி எங்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்றோர் எண்ணம் எப்போதும் உண்டு. அண்மையில் ஒரு கோடை விடுமுறையில் அவ்வெண்ணம் கலைந்தது. கலைந்ததும் நன்மைக்கே.

எங்கள் பாட்டனார் காலத்தில் வேளாங்கண்ணிக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். வைக்கோல் பரப்பி, பாய் விரித்து, அரிசி, புளி, பானை சட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு, சாலையோரப் புளியமரத்தடியில் சமைத்துண்டு, வண்டியடியிலேயே உறங்குவார்களாம். மேல்நாட்டினர் காருக்குப் பின்னால் ஒரு சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு அட்லாண்டிக் கடலின் பாறைக் கரையோரம் சுற்றி வருவதைப் பத்திரிகையில் படித்துக் காட்டியபோது, "இது நம்ம கூண்டு வண்டிதானே!" என்றார் அம்மா. அந்தச் சொல்லே எங்கள் பயணத்திற்கு வித்தாயிற்று. கரடுமுரடான கடற்கரை நம் தமிழகத்திலும் உண்டல்லவா?

அம்மா, அண்ணன் குடும்பம், எங்கள் குடும்பம் என ஒன்பது பேர். ஒரு வாடகை வேன். அதன் கூரைமேல் அடுப்பு, குண்டான், பாய்ச்சுருள், தார்ப்பாய், ஒரு மூட்டைப் பொன்னி அரிசி. புதுக்கோட்டை, இராமநாதபுரம், தூத்துக்குடி வழியாகத் தெற்கே இறங்கினோம். நிழல் கண்ட இடத்தில் உலை வைத்தோம். வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்திருக்கும் இரு குடும்பங்களுக்கு வழிநெடுக ஒரே சோறு.

திருச்செந்தூரைக் கடந்ததும் செம்மணல் தேரியும் பனையுமாக நிலம் வேறுபட்டது. மணப்பாட்டில் கடலை நோக்கி நீண்ட குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. 1542இல் இந்தியா வந்த புனித சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லப்படும் குகையும் அங்கே உண்டு. குன்றின் அடியில் அலை மோதும் ஓசையைக் கேட்டு, பாறையே காணாத வயல்வெளிப் பிள்ளைகள் வாய்பிளந்து நின்றார்கள். பிறகு உவரி, கன்னியாகுமரி என்று கடந்து முட்டம் சேர்ந்தோம்.

முட்டத்தில் பெரும்பாறைகள் கூட்டமாகக் கடலுக்குள் இறங்குகின்றன. மேலே கலங்கரை விளக்கம். அன்று வானம் தெளிந்திருந்தது, காற்றே இல்லை. வேளாங்கண்ணியில் நாங்கள் கண்ட கடலைவிட அமைதியாகவே தோன்றியது. அண்ணன் மகன் கடலோரத்துத் தாழ்ந்த பாறை ஒன்றை நோக்கி இறங்கினான். நாங்களும் தடுக்கவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து நின்று அதட்டினார்.

"ஏறி வா! அங்க நிக்காத!"

எங்களுக்குச் சற்றே சினம் வந்தது. "காற்றே இல்லையே, ஐயா?" என்றோம்.

"காத்து இங்க இல்ல, மக்கா. எங்கேயோ அடிச்சது இப்ப வருது" என்றார்.

பையன் முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தான். சற்று நேரம் ஒன்றுமில்லை. பின்பு, சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அலை எழுந்து அந்தப் பாறையை முழுவதும் மூடியது. நீர் வடிந்தபோது எங்களில் எவருக்கும் பேச்சு எழவில்லை. அண்ணி மகனின் கையைப் பற்றியவர் வேன் வரும் வரை விடவேயில்லை.

இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் கடுங்காற்று நீண்ட அலைகளை எழுப்புகிறது. அவை நாட்கணக்கில் ஓடி, காற்றில்லாத நம் கரையில் திருடனைப் போல வந்து ஏறுகின்றன. கடலோர மக்களின் இச்சொல்லை யுனெஸ்கோ நிறுவனமும் 2012இல் ஏற்றுக்கொண்டது. முட்டத்திற்கு அருகிலேயே, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில், 2024 மே 6 அன்று மருத்துவ மாணவர் ஐவரை அலை கொண்டுபோனது. அந்நாட்களில் வந்த பேரலைகளுக்கு வித்தான காற்றழுத்தத் தாழ்வு, சுமார் 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் தென் அட்லாண்டிக் கடலிலிருந்து நகர்ந்து வந்தது என்று இந்தியக் கடல்சார் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அட்லாண்டிக் கரைக்கு ஈடாக ஒரு கரையைத் தேடி நாங்கள் போனோம். அந்த அட்லாண்டிக்கே இங்கு வந்து போகும் என்று அறிந்தோமில்லை!

அன்றிரவு கஞ்சி காய்ச்சும்போது அம்மா மெல்லச் சொன்னார்: "இதுல என்ன அதிசயம்? குடகுல மழை பெஞ்சா நம்ம ஊர்ல வெயில் காயுறப்பவே வெள்ளம் வரலியா?"

எங்களுக்குச் சுருக்கென்றது. மேட்டூரில் திறந்த நீர் கல்லணை தாண்டி வந்து, ஒரே இரவில் ஆற்றின் முகம் மாறுவதைச் சிறுவயது முதல் கண்டவர்கள் நாங்கள். வானத்தைப் பார்த்து ஆற்றை நம்பாதே என்று எங்கள் பெரியவர்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! அந்த அறிவைக் குடமுருட்டிக் கரையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தோம். தன் ஊரில் அறிவாளியாயிருப்பவன் அயலூரில் கேட்டு நடப்பதே அறிவு.

ஆடியில் புதுநீர் புரண்டு ஓடியபோது, வெளியூர்ப் பிள்ளைகள் சிலர் படித்துறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முன்பானால் பேசாமல் கடந்திருப்போம். அன்று நின்று, உரக்கவே சொன்னோம். அவர்களுக்கும் எங்கள்மேல் சினம் வந்திருக்கும். வரட்டும்! முட்டத்து முதியவருக்கு நாங்கள் பட்ட கடனில் ஒரு பங்காவது அடைந்தது.