மறைத்த ஒரு சொல்

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கடலூர் முதுநகரில் நம் இல்லத்தார் நால்வருக்குக் காய்ச்சல் கண்டது. மணமும் சுவையும் அற்றுப்போயின. கொரோனாவோ என்னும் ஐயம் எழாமலில்லை. ஆயினும், வாசலில் தகரத் தடுப்பு வைத்துவிடுவார்கள், அண்டை வீட்டார் முகம் திருப்புவார்கள் என்று அஞ்சிப் பரிசோதனைக்குச் செல்லாமல் கதவடைத்துக் கிடந்தோம். பத்து நாளில் அனைவரும் தேறினோம். தங்கை மகனான ஒன்பது வயதுச் சிறுவனுக்கோ ஒருநாள் உடல் வெதுவெதுத்ததோடு சரி.

ஒரு மாதம் கழிந்தது. அச்சிறுவனுக்குத் திடீரெனக் கடுங்காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி. தின்ற பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கருதிக் கைவைத்தியம் செய்தோம். மூன்றாம் நாள் கண்கள் சிவந்தன, மேனியில் தடிப்புகள் எழுந்தன, கைகால்கள் சில்லிட்டன. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகர் மருத்துவமனைக்கு விரைந்தோம்.

"சென்ற மாதம் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா?" என்று வினவினார் மருத்துவர். "இல்லை" என்றோம். மீண்டும் வினவினார், மீண்டும் அதே விடை. அப்போது படுக்கையிலிருந்த சிறுவன், "பாட்டிக்குச் சாம்பிராணி வாசனைகூடத் தெரியலையே" என்றான். நாம் தலைகுனிந்தோம்.

அச்சொல்லே மருத்துவருக்கு வழிகாட்டியது. குருதியில் கொரோனாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது, இதயம் தளர்ந்திருந்தது. இம்யூனோகுளோபுலினும் ஸ்டீராய்டும் சிரை வழியே செலுத்தினர். சில நாட்களில் அவன் கண் விழித்துச் சோறு கேட்டான்.

கிருமி அகன்ற பின்னும் உடலின் காவற்படை ஆயுதத்தைக் கீழே வைக்காமல், தன் இதயத்தையும் குடலையும் குருதி நாளங்களையுமே தாக்கும் நோய் இது. தொற்று வந்த இரண்டு முதல் ஆறு வாரங்களில் தோன்றும். ஜப்பானிய மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1967-இல் விவரித்த குழந்தை நோயை ஓரளவு ஒத்தது. 2020 ஏப்ரலில் பிரிட்டன் மருத்துவர்கள் இதுபற்றி எச்சரித்தனர். அவ்வாண்டே சென்னைக் காஞ்சி காமகோடி குழந்தைகள் மருத்துவமனையினரும் இத்தகைய சிறுவன் ஒருவனைக் குணப்படுத்தியதை மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

இன்று அந்நோய் மிக அரிதாகிவிட்டது. நோயை மறைக்கும் வழக்கம்தான் அரிதாகவில்லை. அண்ணாமலை நகர் மருத்துவமனையும் 2021-இல் அரசின் வசமாகி, நம் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக விளங்குகிறது. மாணவச் செல்வங்களே, நாளை உங்கள் இல்லத்துக் குழந்தைக்காக மருத்துவர் ஒரு வினா எழுப்பினால், ஊர் என்ன சொல்லும் என்று எண்ணாமல் உண்மையைச் சொல்லுங்கள். நாம் சொல்லத் தவறியதை ஒரு குழந்தை சொல்லித்தான் தன்னைக் காத்துக்கொள்ள நேர்ந்தது.