லயம் என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'லைன்' என்றொரு சிறு சொல் உண்டு. அம்மொழியில் கல்வி பயின்ற நாம் அதன் பொருள்களை எண்ணத் தொடங்கினால் கைவிரல்கள் போதா. கோடும் லைன், செய்யுளின் அடியும் லைன், ஆட்கள் நிற்கும் வரிசையும், தொலைபேசிக் கம்பியும், ஒருவர் செய்யும் தொழிலும், பாட்டன் தந்தை மகன் என்று வரும் வழிமுறையும் லைனே. 1909-ஆம் ஆண்டில் கிம்மாஸிலிருந்து ஜொகூர்பாரு வரை முற்றுப்பெற்ற இரயில் பாதையும் லைன்தான். நம் லாயாங் லாயாங் அதன்மீதே அமைந்துள்ளது.

ஆளிச்செடி நாரில் திரித்த நூலைக் குறித்த இலத்தீன் சொல்லே இதற்கு மூலம் என்பர். நம் ஊர்ப்பெயர் மலாய் மொழியில் தகைவிலான் குருவிக்கும் பட்டத்துக்கும் பெயர். அப்பட்டத்தைப் பிடித்திருக்கும் நூலும் ஆங்கிலேயருக்கு லைனே.

நிற்க. இத்தனை பொருள்களுள் தோட்டத் தமிழரிடம் வந்து சேர்ந்தது யாது? பட்டாளத்தில் கூடாரங்களையும் குதிரைகளையும் வரிசையாக நிறுத்தும் இடத்தை வெள்ளையர் 'லைன்ஸ்' என்றழைத்தனர். தொழிலாளர் குடியிருப்புக்கும் அப்பெயரே இடப்பட்டது. நம்மவர் நாவில் அது லயமாயிற்று. தாளத்தின் லயம் வேறு, இது வேறு. விடியற்காலையில் ஆள் கூடும் 'பெரட்டு'ம் பட்டாளத்துப் 'பரேட்' அன்றோ?

ஆயினும் ரப்பர் மரங்களின் வரிசையை நம் முன்னோர் 'நிரை' என்றே வழங்கினர். 'இது என் நிரை' என்று பால் வெட்டுவோர் உரிமையோடு கூறியதைச் சிறுவயதில் கேட்டிருக்கின்றோம். மரம் நிற்கும் இடத்துக்கு நல்ல தமிழ்ப்பெயர் வாய்த்தது. மனிதர் உறங்கும் இடத்துக்கோ குதிரை கட்டும் இடத்தின் பெயர்!

அதனை வீடு என்னாமைக்குக் காரணமும் உண்டு. வீடு குடியிருப்போர்க்கு உரியது. லயம் தோட்டத்துக்கு உரியது. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்க 1966-இல் ஒரு சட்டம் வந்தது. 1990-இல் அதனினும் விரிவானதொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் தரம் பேசிய சட்டங்கள் குடியிருப்போர்க்கு அவ்வீட்டை உடைமையாக்கவில்லை. வேலை உள்ளவரை கூரை. வேலை முடிந்தால் அதுவும் முடிந்தது.

கிராணி வேலையில் இருக்கும் நமக்கு இது ஏட்டளவான செய்தியன்று. ஓய்வு பெறுபவரின் பெயரைப் பதிவேட்டில் ஒரு கோடு கிழித்து அடிப்பது நம் கடமை. அந்த ஒற்றைக் கோடு, மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்தின் முகவரியையும் சேர்த்து அடித்துவிடுகின்றது.

ரப்பர் நின்ற நிலங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கின்றது. லயங்கள் பல இடிந்தன. பட்டணம் சென்ற இளைஞர் சிலர் லயத்தில் பிறந்ததைச் சொல்ல நாணுகின்றனர். உழைத்தோரின் பிள்ளைகள் நாணுவதற்கு இதில் என்ன இருக்கிறது? அன்பர்களே, சொல்லை மாற்றுவதால் மட்டும் பயனில்லை. தோட்டத்தில் இன்னும் இருப்போர், கை கால் திடமாக உள்ளபோதே, தம் பெயரில் ஒரு சிறு வீட்டுக்கு வழி தேடல் வேண்டும்; சங்கங்கள் சம்பளம் கேட்கும் அதே குரலில் வீட்டுடைமையும் கேட்டல் வேண்டும். அவ்வீட்டின் சாவி கைக்கு வரும் நாளில் லயம் என்னும் சொல் தானே வழக்கொழியும்.